நஞ்சியம்மாவுக்கு வந்த விருதும் நான் நிறுத்திய பாட்டும்



போன வாரம் நம் பழைய மாணவர் வாட்ஸப் குழுவில் ஒரு வீடியோ வந்தது. 'அய்யப்பனும் கோஷியும்' படத்தில் நஞ்சியம்மா பாடிய பாட்டு. அதன் கீழே ஒருவர் (பெயர் வேண்டாம், அவருக்கே தெரியும்) என்னைக் குறிப்பிட்டுக் கேட்டிருந்தார்: "ஐயா, இந்தம்மாவுக்குச் சுருதியே தெரியாதுங்கறாங்க. வருஷக்கணக்கா சங்கீதம் படிச்சவங்க எத்தனையோ பேர் இருக்க, தேசிய விருதை இவங்களுக்கு எப்படிக் கொடுத்தாங்க?"

அவ்வளவுதான். குழு இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டது. பத்தாம் வகுப்பில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் எல்லாம் ஆளுக்கொரு பக்கம். "நாளைக்கு எழுதுகிறேன்பா, அதுவரை அமைதியாக இருங்கள்" என்று சொல்லிவிட்டு வந்தேன். இன்றோடு ஆறு நாள். தாமதத்துக்குக் காரணம் இருக்கிறது, பின்னால் சொல்கிறேன்.

முதலில் விஷயம் தெரியாதவர்களுக்காக.

நஞ்சியம்மா இருளர் பழங்குடியைச் சேர்ந்தவர். பிறந்தது நம் கோவை மாவட்டத்துப் பக்கம். வாழ்க்கைப்பட்டது கேரளத்தில் அட்டப்பாடி, நக்குப்பதி ஊருக்கு. ஆனைகட்டி தாண்டினால் அட்டப்பாடி. மாநில எல்லைதான் நடுவில் கோடு போடுகிறதே தவிர, மலையும் மக்களும் ஒன்றுதான். ஆடு மாடு மேய்த்தவர். பழனிசாமி என்ற இருளர் கலைஞர் நடத்தும் ஆசாத் கலா சமிதி என்ற குழுவோடு சேர்ந்து பாடி வந்தவர். இயக்குநர் சச்சி தன் படத்துக்காக அவரைப் பாட வைத்தார். பாட்டின் சொல்லும் பாடும் முறையும் நஞ்சியம்மாவுடையது. இருளர் மொழிதான். சந்தன மரமும் பூவும் ஆகாய விமானமும் வரும் பாட்டு. நாம் கொஞ்சம் காது கொடுத்தால் பாதிக்கு மேல் புரிந்துவிடும், தமிழுக்கு அவ்வளவு பக்கத்து மொழி. இசையமைப்பாளர் ஜேக்ஸ் பிஜாய் அந்தக் குரலைச் சுற்றி இசையைச் சேர்த்தார். படம் 2020 பிப்ரவரியில் வந்தது. அதே ஆண்டு ஜூன் மாதம் சச்சி காலமாகிவிட்டார்.

68-ஆவது தேசியத் திரைப்பட விருதுகள் 2022 ஜூலை 22 அன்று அறிவிக்கப்பட்டன. நமக்கெல்லாம் அன்று 'சூரரைப் போற்று' ஐந்து விருது வாங்கியதுதான் பெரிய சேதி. அதே பட்டியலில் சிறந்த பின்னணிப் பாடகி நஞ்சியம்மா, சிறந்த இயக்குநர் மறைந்த சச்சி. அதற்கு முதல் நாள், ஜூலை 21-இல்தான், சந்தால் பழங்குடியைச் சேர்ந்த திரௌபதி முர்மு குடியரசுத் தலைவர் தேர்தலில் வென்றதாக அறிவித்தார்கள். செப்டம்பர் 30 அன்று டெல்லி விஞ்ஞான் பவனில் அவர் கையாலேயே நஞ்சியம்மா விருது வாங்கினார். அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. அந்த வீடியோவை நான் எத்தனை முறை பார்த்திருப்பேன் என்று என் வீட்டில் கேட்டால் சொல்வார்கள்.

இப்போது அந்த மாணவரின் கேள்விக்கு வருகிறேன். அது அவர் மட்டும் கேட்ட கேள்வி இல்லை. விருது அறிவித்த சில நாட்களிலேயே கேரளத்தில் இசைத் துறையைச் சேர்ந்த ஒருவர் அதைப் பொதுவில் எழுதினார். பயிற்சி பெற்ற பாடகர்களுக்கு இது அவமானம் இல்லையா, ஒரு மாதம் அவகாசம் கொடுத்தாலும் இவரால் ஒரு சாதாரணப் பாட்டைக் கற்றுக்கொண்டு வந்து பாட முடியுமா என்பது அவர் வாதம். வேறு பல இசைக்கலைஞர்கள் நஞ்சியம்மாவின் பக்கம் நின்று பதில் சொன்னார்கள்.

எதிர்த்தவரின் வாதத்தைச் சும்மா தள்ளிவிடக் கூடாது. பின்னணிப் பாடகர் என்றால் இன்னொருவர் போட்ட மெட்டை, இன்னொருவர் எழுதிய வரியை, சொன்ன சுருதியில், சொன்ன தாளத்தில் பாடித்தர வேண்டும். அது பெரிய வித்தை. 1968-ஆம் ஆண்டுப் படங்களிலிருந்து இந்த விருது பாடகிகளுக்குத் தரப்படுகிறது. முதலில் வாங்கியவர் நம் பி.சுசீலா, 'உயர்ந்த மனிதன்' படத்துக்கு. பிறகு வாணி ஜெயராம், எஸ்.ஜானகி, சித்ரா, ஸ்வர்ணலதா. இந்த வரிசையில் ஆடு மேய்த்த ஒரு அம்மாவின் பெயர் வந்தால், சங்கீதம் படித்தவருக்குச் சுருக்கென்று இருப்பது மனித இயல்பு.

ஆனால் ஒன்று யோசியுங்கள். இதே நஞ்சியம்மாவுக்குப் 'பழங்குடிக் கலைஞர்' என்று தனியாக ஒரு விருது கொடுத்திருந்தால் யாராவது வாய் திறந்திருப்பார்களா? எல்லாரும் கைதட்டி, சால்வை போர்த்தி அனுப்பியிருப்பார்கள். அவர் பாடியதில் யாருக்கும் கஷ்டம் இல்லை. நம் வரிசையில் வந்து உட்கார்ந்ததில்தான் கஷ்டம்.

வெளிநாடுகளிலும் இந்தக் கேள்வி உண்டு. ஆஸ்திரேலியாவில் பூர்வகுடி இசைக் கலைஞர்களுக்கென்றே தேசிய விருது இருக்கிறது. 2004-இல் தொடங்கியது. முதலில் வடக்கு ஆட்சிப் பகுதிக்கு மட்டும், பிறகு நாடு முழுவதற்கும். டார்வின் நகரில் நடக்கும். கனடாவில் ஜூனோ விருதுகளில் பூர்வகுடி இசைக்கு 1994-இல் தனிப் பிரிவு வைத்தார்கள். அமெரிக்காவில் கிராமி விருதில் 2001-இல் அப்படி ஒரு பிரிவு ஆரம்பித்து, 2011-க்குப் பிறகு எடுத்துவிட்டார்கள். நம் நாட்டிலும் சங்கீத நாடக அகாதமி விருதில் நாட்டுப்புற, பழங்குடிக் கலைகளுக்கென்று இடம் உண்டு. ஆட்டம், பாட்டு, கூத்து, பொம்மலாட்டம் எல்லாம் அந்த ஒரே பையில்.

தனி விருது தப்பு என்று நான் சொல்லவில்லை. அதில் ஒரு நியாயம் இருக்கிறது. அந்தப் பாட்டைப் பற்றித் தெரிந்தவர்களே நடுவர்களாக உட்கார முடியும். அந்த மக்களின் அளவுகோலை வைத்தே அளக்க முடியும். பொது விருதில் அந்த வசதி கிடையாது, அளவுகோல் வேறு யாருடையதோ. ஆனால் பொது வரிசையில் வந்தால்தான் நாடு திரும்பிப் பார்க்கிறது. ஆஸ்திரேலியாவில் குருமுல் என்று ஒரு பாடகர். பிறவியிலேயே கண்பார்வை இல்லாதவர். யோல்ங்கு மக்களின் மொழியில் பாடியவர். 2017-இல் இறந்துபோனார். அடுத்த ஆண்டு வந்த அவருடைய இசைத்தொகுப்பு அந்த நாட்டுப் பொது விற்பனைப் பட்டியலில் முதல் இடத்துக்குப் போனது. பூர்வகுடி மொழி ஒன்றில் வந்த தொகுப்பு அந்த இடத்தைப் பிடித்தது அதுதான் முதல் முறை. தனிப் பட்டியலில் முதலிடம் என்றால் இந்த ஏற்காட்டு ஓய்வு வாத்தியார் வரைக்கும் அந்தச் சேதி வந்திருக்குமா?

ஆகவே அந்த மாணவருக்கு என் பதில் இதுதான் என்று மனதுக்குள் எழுதி முடித்துவிட்டேன்: "தம்பி, நஞ்சியம்மாவுக்குச் சுருதி தெரியுமா என்று கேட்பதற்கு முன்னால், அந்தப் பாட்டு எப்படிப்பட்ட பாட்டு என்று கேட்பவருக்குத் தெரியுமா என்று பார்." நல்ல பதில்தான். தட்டச்சு செய்து அனுப்ப வேண்டியதுதான் பாக்கி.

அப்போதுதான் கை நின்றுவிட்டது. ஏனென்றால் "சுருதி சேரவில்லை" என்று ஒரு குழந்தையைப் பார்த்துச் சொன்ன வாய் என்னுடையது.

1986. நான் வேலைக்கு வந்த புதிது. ஆண்டு விழாவுக்குப் பாட்டுக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு என்னிடம். எட்டாம் வகுப்பில் மலைக் கிராமத்துப் பிள்ளை ஒன்று. மலையாளி வீட்டுப் பெண். (வெளியூர் உறவுகளுக்கு ஒரு விளக்கம்: எங்கள் சேர்வராயன் மலையில் மலையாளி என்றால் கேரளத்துக்காரர் இல்லை. மலையை ஆள்பவர் என்று பொருள் சொல்வார்கள். தமிழ் பேசும் மலைவாழ் மக்கள், பழங்குடிப் பட்டியலில் உள்ளவர்கள். காஞ்சிபுரத்திலிருந்து வந்த அண்ணன் தம்பிகளின் வழி என்று அவர்களே கதை சொல்வார்கள்.) அந்தப் பிள்ளை கையை உயர்த்தி, "ஐயா, எங்க ஆயா பாடுற பாட்டு பாடட்டுங்களா?" என்றது. பாடு என்றேன். ஒரு அடி பாடும், நிற்கும். மறுபடி ஒரு அடி, மறுபடி நிற்கும். ஒவ்வொரு முறையும் குரல் கீழே இறங்கிக்கொண்டே போனது. வகுப்பில் சிரிப்பு. நாலாவது முறை நின்றபோது நான் கையைக் காட்டி நிறுத்திவிட்டேன். "சுருதி சேரலம்மா. வரியும் மறந்துடுது. நீ கும்மியில சேர்ந்துக்கோ" என்றேன். கடைசி வரிசையில் நிறுத்தினேன்.

அந்த மேடையில் வேறொரு பிள்ளை என்ன பாட்டுப் பாடியது தெரியுமா? 'பாடறியேன் படிப்பறியேன்'. 'சிந்து பைரவி' வந்து ஊரெல்லாம் அந்தப் பாட்டாக இருந்த நேரம். சித்ராவுக்கு முதல் தேசிய விருது வாங்கித் தந்த பாட்டு. படிக்காதவள் நான், எனக்குத் தெரிந்தது நாட்டுப் பாட்டுதான் என்று ஒரு பெண் பெரிய சங்கீத வித்துவான் முன்னால் எழுந்து நின்று பாடுகிற காட்சி. சேலத்துக்குப் போய் அந்தப் படத்தை இரண்டு தடவை பார்த்தவன் நான். ஆண்டு விழாவில் அந்தப் பிள்ளை பாடி முடித்ததும் முதலில் எழுந்து கைதட்டியவனும் நான்தான். அதே நேரம், உண்மையிலேயே நாட்டுப் பாட்டோடு வந்த பிள்ளையைக் கும்மியின் கடைசி வரிசையில் நிறுத்தியிருந்தேன். அன்றைக்கு இது எனக்கு உறைக்கவே இல்லை. 36 வருஷம் கழித்து நஞ்சியம்மா டெல்லி மேடை ஏறியபோதுதான் உறைத்தது.

அதனால்தான் ஆறு நாள். அந்தப் பிள்ளையைத் தேடினேன். பிள்ளை என்ன பிள்ளை, இப்போது பேத்தி எடுத்த அம்மா. ஒண்டிக்கடையில் பட்டர் புரூட் விற்க வருவார் என்று ஒருவர் சொன்னார். காலையில் நடைக்குப் போகும் சாக்கில் நாலு நாள் ரவுண்டானாவைச் சுற்றினேன். டீக்கடைக்காரர், "என்ன ஐயா, யாரையாவது எதிர்பார்க்கறீங்களா?" என்று கேட்கும் அளவுக்கு ஆகிவிட்டது. ஐந்தாம் நாள் பனி விலகும் நேரத்தில், கூடையோடு உட்கார்ந்திருந்தார். நான் அடையாளம் சொல்வதற்குள் அவரே எழுந்துவிட்டார். "ஐயா, நல்லா இருக்கீங்களா?"

நான் விஷயத்தைச் சொன்னேன். ஆண்டு விழா, கும்மி, எல்லாம். சொல்லும்போது எனக்குக் குரல் கொஞ்சம் தடுமாறியது, அதை மறைக்க வேண்டியதில்லை. அவர் சிரித்தார்.

"அதெல்லாம் எனக்கு இத்தனை நாளா நெனப்பே இல்லைங்க ஐயா. இப்ப நீங்க சொல்லித்தான் ஞாபகம் வருது. நடுவுல நடுவுல நிறுத்தினேன்ல? நான் மறந்துட்டேன்னு நெனச்சுட்டீங்க. அது ஆயாவோட அடிங்க. சாமை குத்துற பாட்டு அது. ஒரு உரலு, ரெண்டு உலக்கை. ஆயா ஒண்ணு போடும், நான் ஒண்ணு போடுவேன். பாட்டும் அப்படித்தான். ஆயா மேல எடுக்கும், நான் கீழ வாங்கணும். ஆயா இல்லாம ஒருத்தியா பாடினா பாதிதான வரும்?"

ரவுண்டானாவில் சேலம் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. நான் கையில் டீ கிளாஸோடு நின்றிருந்தேன். குரல் இறங்கியது என்று நான் கண்டது சரிதான். நடுவில் நின்றது என்று கண்டதும் சரிதான். இறங்கத்தான் வேண்டும், நிற்கத்தான் வேண்டும். எனக்குக் காது இருந்தது. ஆனால் அது என்ன பாட்டு என்று ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை.

"நான் அன்னைக்கு அப்படிச் சொன்னதால பாடுறதையே விட்டுட்டியாம்மா?" என்று கேட்டேன். இந்தக் கேள்விதான் ஆறு நாளாக நெஞ்சில் கிடந்தது.

"அய்யோ, இல்லைங்க ஐயா. நீங்க சொன்னதுக்கெல்லாம் விடல. அப்புறமும் ஆயாகூடப் பாடிட்டுத்தான் இருந்தேன். மில்லு வந்துச்சு. சாமையை அங்க கொடுத்து அரைச்சுக்கிட்டோம். அப்புறம் ரேஷன் அரிசி, சாமை போடுறதே கொறஞ்சுபோச்சு. உலக்கை இல்லாம எதுக்குங்க பாட்டு? ஆயாவும் போயிடுச்சு."

இதைக் கேட்டு எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது என்றால் நீங்கள் சிரிக்கலாம். ஆனால் அந்த ஆறுதல் அடுத்த நிமிஷமே போய்விட்டது. "இப்ப பாட வருமா?" என்று கேட்டேன். "என் பாதி வரும். ஆயாவோட பாதி எனக்குத் தெரியாதுங்களே. நான் எந்நாளும் என் பாதியத்தான பாடினேன்?" என்றார்.

அன்றைக்கு, 1986-இல், ஆயா உயிரோடு இருந்தார். "உங்க ஆயாவைக் கூட்டிட்டு வாம்மா, ரெண்டு பேரும் பாடுங்க" என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்தப் பாட்டு முழுசாக மேடை ஏறியிருக்கும். ஒரு டேப் ரிக்கார்டரில் பதிந்து வைத்திருக்கவும் முடியும். அந்த விழாவுக்குப் 'பாடறியேன்' பாட்டின் கேசட்டைப் போட்டுப் போட்டுப் பயிற்சி கொடுத்தோமே, அதே டேப் ரிக்கார்டரில்.

அந்த மாணவருக்கு நான் சொல்ல வந்தது இதுதான். விருதுக் குழு டெல்லியில் மட்டும் உட்கார்ந்திருக்கவில்லை. ஒரு குழந்தை முதன்முதலில் வாய் திறந்து பாடும்போது எதிரில் யார் இருக்கிறாரோ அவர்தான் முதல் நடுவர். வாத்தியார், அத்தை, மாமா, பக்கத்து வீட்டுக்காரர். சச்சி என்ற மனிதர் அட்டப்பாடியில் ஒரு அம்மாவின் பாட்டைக் கேட்டபோது அதை நிறுத்தவில்லை, முழுக்கக் கேட்டார். விருது அதற்குப் பிறகுதான் வந்தது. நான் நாலாவது அடியில் நிறுத்தினேன்.

விருது வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நினைக்க வேண்டாம். தேசிய விருது வாங்கிய பிறகும் நஞ்சியம்மா தன் கணவர் குடும்பத்து நிலத்துக்காக அலைய வேண்டியிருந்ததைச் செய்திகளில் படித்தோம். பழங்குடிகளிடமிருந்து கைமாறிய நிலத்தை மீட்டுத் தர கேரளத்தில் 1975-லேயே சட்டம் போட்டார்கள். இன்னும் அந்த வழக்குகள் முடிந்தபாடில்லை. பாட்டுக்குக் கைதட்டுவது சுலபம். பாட்டு பிறந்த இடத்தைக் காப்பாற்றிக் கொடுப்பதுதான் கஷ்டம். எங்கள் மலையில் உலக்கை போனதும் பாட்டு போனதே, அதைப் போலத்தான்.

இப்போது உங்கள் எல்லாரிடமும் ஒரு வேண்டுகோள். தமிழ் வாத்தியார் வீட்டுப்பாடம் கொடுக்காமல் விட்டால் எப்படி?

உங்கள் வீட்டில், ஊரில் எழுபது வயதைத் தாண்டிய ஆயா, அப்பாயி, அம்மாயி யாராவது இருந்தால், இந்த ஞாயிற்றுக்கிழமை பக்கத்தில் உட்காருங்கள். நடவு, தாலாட்டு, கல்யாணம், இழவு, உரல், எதற்காவது பாடிய பாட்டு நினைவிருக்கிறதா என்று கேளுங்கள். அனுமதி கேட்டுவிட்டு போனில் பதியுங்கள். பாட்டோடு, பாடியவர் பெயர், ஊர், என்ன வேலைக்குப் பாடுவது, தனியாகப் பாடுவதா சேர்ந்து பாடுவதா, இதையும் அவர் வாயாலேயே சொல்ல வைத்துப் பதியுங்கள். நான் தவறவிட்டது அந்தக் கடைசிக் கேள்வியைத்தான். நடுவில் நின்றால் திருத்தாதீர்கள். பின்னணியில் மேளம் தாளம் எதுவும் சேர்க்காதீர்கள்.

உங்களில் ஆசிரியர்களாக இருக்கும் என் பிள்ளைகளுக்குத் தனியாக: ஒரு குழந்தை பாடினால் முடிகிற வரைக்கும் கேளுங்கள். மதிப்பெண்ணை அப்புறம் போடலாம்.

கடைசியாக ஒன்று. அந்த அம்மா தன் பாதியைப் பேத்தியின் போனில் பாடிப் பதிவு செய்திருக்கிறார். நேற்று எனக்குப் போட்டுக் காட்டினார்கள். அது அவர்கள் வீட்டுச் சொத்து, அவர்கள் சொல்லாமல் நான் இங்கே போட மாட்டேன். ஆனால் சேர்வராயன் மலையில் ஏதாவது ஒரு கிராமத்தில், சாமை குத்தும்போது மேலே எடுத்துப் பாடும் பாதி தெரிந்த ஒரு கிழவி இன்னும் இருக்கக்கூடும். நாகலூர், மஞ்சக்குட்டை, செம்மநத்தம், வெள்ளக்கடைப் பக்கத்து மாணவர்களே, உங்கள் வீட்டில் விசாரியுங்கள். யாராவது கிடைத்தால் எனக்கு ஒரு போன் போடுங்கள். கூடை தூக்கிக்கொண்டு இந்த அம்மாவையும் கூட்டிக்கொண்டு நானே வருகிறேன். காலையில் பெரும்பாலும் ஒண்டிக்கடையில்தான் இருப்பேன்.

என்றும் அன்புடன்,
உங்கள் தமிழய்யா